தாவிப்போன அதிகாரங்கள்

(மாணவர், இளைஞர் படிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



தினமும் காலையில் வேதம் வாசிக்கிற பழக்கத்தைப் பற்றி நான் பேசப்போறேன்னு தெரிஞ்சதும் ஒரு தோழர் கேட்டார்: "இது சபையில பேச வேண்டியதாச்சே, இங்க எதுக்கு?" நியாயமான கேள்விதான். என் பதில் இது. விடிஞ்சும் விடியாத நேரத்தில், வேலைக்குப் போறதுக்கு முன்னால, நம்ம ஜனங்களில் எத்தனையோ பேர் ஒரு புத்தகத்தைத் திறந்து உட்காருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ரெண்டாவதோடு நின்ற அம்மாக்கள்கூட எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். நம்முடைய துண்டறிக்கையை யாரும் அப்படிப் படிப்பதில்லை. அந்த அரைமணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று கேட்காமல் நாம் யாரிடம் பண்பாட்டு அரசியல் பேசப்போகிறோம்?

இன்னொன்றும் உண்டு. இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதற்கு இந்த நாட்டில் ஒரு விலை இருக்கிறது. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பவுத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர் அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று உச்சநீதிமன்றம் வரை போனார். 1985இல் அவர் மனு தள்ளுபடி ஆனது. அதனால்தான் நம் வீடுகளில் சான்றிதழில் ஒரு மதம், தலைமாட்டில் ஒரு புத்தகம் என்று இரட்டை வாழ்க்கை. இவ்வளவு விலை கொடுத்து வைத்திருக்கிற புத்தகத்தை முழுசாகவாவது படிக்க வேண்டாமா?

நான் விசுவாசியா இல்லையா என்ற கவலை யாருக்கும் வேண்டாம். பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவோம்.

வருஷத்துக்கு ஒருமுறை வேதம் முழுவதையும் வாசித்து முடிப்பது என்பது ஒரு ஏற்பாடு. புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகம், 1189 அதிகாரம். வாரநாளில் மூணு, ஞாயிற்றுக்கிழமை அஞ்சு என்று போனால் டிசம்பர் கடைசி வாரத்தில் முடிந்துவிடும். நான் பேங்க் கிளார்க், இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். 1842இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ராபர்ட் மர்ரே மக்செயின் என்ற இளம் போதகர் தன் சபையாருக்கு ஒரு அட்டவணை போட்டுக்கொடுத்தார். லினன், சணல் ஆலைகள் பெருகிக்கொண்டிருந்த ஊர் அது. தினமும் நாலு அதிகாரம். வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை. அட்டவணை போட்டவரே அதன் ஆபத்தையும் எழுதிவைத்தார்: வெறும் சடங்காகிவிடும், படித்துவிட்டோம் என்ற மிதப்பு வரும், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடும் என்று. அடுத்த வருஷம் 29 வயதில் இறந்துபோனார். இன்றைக்கும் பல நாடுகளில் அந்த அட்டவணை ஓடுகிறது.

இதற்கு எதிர்த் திசையில் இன்னொரு மரபு. நாளைக்கு ஒரு வசனம். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற கிராமத்தில், மதத்துக்காக விரட்டப்பட்டு வந்த மொராவிய அகதிகள் நடுவே, 1728இல் சின்சென்டார்ஃப் பிரபு இதைத் தொடங்கினார். அன்றன்றைய வசனத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள். 1731இலிருந்து அச்சில் வருகிறது. அகதிகளுக்குள்ளே ஒரு ரகசியக் குறிச்சொல் மாதிரி அது. நல்ல காரியம்தான். ஆனால் அதே மொராவியர் கரீபியத் தீவுகளில் அடிமைகளுக்கு நற்செய்தி சொல்லப் போன இடத்தில் தோட்டம் வாங்கினார்கள், தோட்டத்தோடு அடிமைகளையும் வைத்துக்கொண்டார்கள். காலையில் வசனம், பகலில் கரும்புக்காடு. ஒற்றை வசனத்துக்கு அந்தச் சவுகரியம் உண்டு. எந்த வாழ்க்கையோடும் அது ஒத்துப்போகும்.

நம் ஊரில் புத்தாண்டு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். உருவி எடுத்தால் ஒரு வசனம் வரும். வருஷம் முழுக்க அது உங்களுக்கு. காலண்டர் தாளிலும் இப்போது வாட்ஸ்அப்பிலும் வருகிறது. அதில் அடிக்கடி வருகிற ஒன்று எரேமியா 29ஆம் அதிகாரத்து 11ஆம் வசனம். கடவுள் உங்களைப் பற்றி நல்ல எண்ணமே வைத்திருக்கிறார், நம்பிக்கையான முடிவு உண்டு என்கிற கருத்து. கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அது யாருக்கு எழுதின கடிதம்? பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு. அதே கடிதத்தில் என்ன இருக்கிறது? எழுபது வருஷம் ஆகும், வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளைக் கட்டிக்கொடு என்று இருக்கிறது. வாசிக்கிறவன் திரும்பிவரப்போவதில்லை, அவன் பேரன் வருவான். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, ரெண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கோவிலில் நின்று முழங்குகிறான். எரேமியா அவனைப் பொய்யன் என்கிறார். அட்டையில் வசனத்தைத் தனியாக வெட்டி எடுக்கும்போது எரேமியா சொன்னது அனனியா சொன்னதாக மாறிவிடுகிறது. இதைவிடச் சாமர்த்தியமான தணிக்கை வேறு உண்டா?

தணிக்கை என்ற சொல்லைச் சும்மா சொல்லவில்லை. 1807இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளுக்காகத் தேர்ந்தெடுத்த பகுதிகள் என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். 1189 அதிகாரத்தில் 232தான் இருக்கிறது. யோசேப்பை அண்ணன்மார் அடிமையாக விற்ற கதை இருக்கிறது, அவன் பொறுமையாக உழைத்து உயர்ந்துவிட்டான் அல்லவா? மோசே பார்வோன் முன்னால் போய் நின்ற கதை இல்லை. பத்துக் கட்டளை இருக்கிறது, அதைக் கேட்க ஜனங்கள் எங்கிருந்து தப்பி வந்தார்கள் என்பது இல்லை. சங்கீதம் மொத்தமும் இல்லை. அழுகிறவனின் புத்தகம் அடிமைக்கு எதற்கு? வெளிப்படுத்தின விசேஷம் இல்லை. அடிமை, சுயாதீனன் என்ற பேதம் கிறிஸ்துவுக்குள் இல்லை என்று சொல்கிற கலாத்தியர் நிருபத்து வசனம் இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்கிற எபேசியர் நிருபத்து வசனம் பத்திரமாக இருக்கிறது. அடிமை வியாபாரத்தை பிரிட்டிஷ் பாராளுமன்றம் தடைசெய்ததும் அதே 1807இல்தான். வியாபாரம் நின்றது, அடிமைத்தனம் நிற்கவில்லை. அந்த இடைவெளிக்கு ஏற்ற புத்தகம் தயாராகிவிட்டது.

அடிமையின் பக்கத்திலிருந்தும் ஒரு தணிக்கை நடந்திருக்கிறது. ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பின இறையியலாளர் 1949இல் எழுதிய புத்தகத்தில் தன் பாட்டியைப் பற்றிச் சொல்கிறார். பாட்டி அடிமையாகப் பிறந்தவர், எழுதப்படிக்கத் தெரியாது. பேரன்தான் வேதம் வாசித்துக் காட்டணும். ஆனால் பவுலின் நிருபங்களை வாசிக்க விடமாட்டார், அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13 மட்டும் எப்போதாவது. காரணத்தைப் பேரன் வளர்ந்த பிறகுதான் கேட்கிறார். அடிமையாய் இருந்த காலத்தில் எஜமானின் போதகர் வந்தால், அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்ற அந்தப் பகுதியையே திரும்பத் திரும்பப் பிரசங்கம் பண்ணுவாராம். விடுதலை கிடைத்தால், படிக்கத் தெரிந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் படிப்பதில்லை என்று அந்த அம்மா அப்போதே முடிவு பண்ணிவிட்டார். இந்த தர்மன் 1935இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தவர். உங்களை அடிமைப்படுத்தியவர்களின் மதத்தை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கொழும்பில் அவரை நேராகவே கேட்டார்கள். நம்மையும் கேட்கிறார்கள். பாட்டியின் பதிலைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை: எந்தப் பக்கத்தை யார் எதற்கு வாசித்தார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்வது.

எபேசியரைச் சொன்னதால் ஒரு மொழிபெயர்ப்பு விஷயம். சீகன்பால்கு 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். பிறகு எத்தனையோ கை மாறி, பவர் தலைமையில் 1871இல் வந்த திருத்தம்தான் இன்றைக்கும் நம் வீடுகளில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பு. மூலத்தில் கிரேக்கச் சொல் ஒன்றேதான். கலாத்தியரில் அதை 'அடிமை' என்கிறது நம் வேதம். எபேசியரில் எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்கிற இடத்தில் அதே சொல் 'வேலைக்காரர்' ஆகிவிடுகிறது. பவுல் காலத்து அடிமைச் சந்தை மறைந்துவிடுகிறது, நம் ஊர்ப் பண்ணையாள் வந்து நிற்கிறான். வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாசிக்கிற பண்ணையாளுக்கு என்ன கேட்டிருக்கும்? 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அங்கேயும் அடிமை என்றே போடுகிறது. ரெண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிங்க.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். வரிசையாகப் படித்தால் மட்டுமே கண்ணில் படுகிற ஒரு ஜனம் இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. கிபியோனியர். தியானப் புத்தகங்களில் இவர்களுக்கு ஒரு நாள் கிடைத்தால் அதிகம்.

ஜனவரி 1இல் ஆரம்பித்தால் மார்ச் தொடக்கத்தில் யோசுவா 9 வரும். அதுவரை வந்து சேருவதே பெரும்பாடு. ஜனவரி கடைசியில் லேவியராகமத்தின் பலிச் சட்டங்கள் வரும், பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். யோசுவாவின் படை எரிகோவையும் ஆயியையும் அழித்துவிட்டு வருகிறது. அந்த மண்ணின் சொந்தக்காரர்களான கிபியோனியர் உயிர் பிழைக்க ஒரு தந்திரம் பண்ணுகிறார்கள். பழைய சாக்கு, கிழிந்த செருப்பு, பூசணம் பிடித்த ரொட்டி. ரொம்ப தூரத்திலிருந்து வருகிறோம், உடன்படிக்கை பண்ணுங்கள் என்கிறார்கள். தலைவர்கள் சத்தியம் பண்ணிவிடுகிறார்கள். மூணு நாளில் உண்மை தெரிகிறது. சத்தியத்தை மீற முடியாது, கொல்ல முடியாது. அப்போது ஒரு தீர்ப்பு வருகிறது: தலைமுறை தலைமுறையாக நீங்கள் விறகு வெட்டணும், தண்ணீர் சுமக்கணும், சபைக்கும் பலிபீடத்துக்கும்.

தோழர்களே, இதை வாசிக்கும்போது நமக்குப் புதிதாக ஏதாவது தெரிகிறதா? பிறப்பால் வருகிற வேலை. கோவிலுக்குத் தேவையான, ஆனால் கோவிலுக்கு வெளியே நிற்கிற வேலை. அதற்கு ஒரு சாபக் கதை. நம் ஊர்ப் புராணங்களிலும் இப்படித்தானே, நம் முன்னோர் ஏதோ ஏமாற்றினார்கள், சபிக்கப்பட்டார்கள் என்று முடிப்பார்கள்? இதில் நாம் இஸ்ரவேல் இல்லை. எகிப்திலிருந்து தப்பி வந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகள்தான் இந்தத் தீர்ப்பை எழுதினவர்கள். விடுதலையான ஜனம் அடுத்தவனை விறகு வெட்ட வைக்கிற அதிகாரம் இது. விடுதலை இறையியல் பேசுகிற நம் நண்பர்களில் பலர் யாத்திராகமத்தைப் படித்துவிட்டு யோசுவாவைத் தாவிவிடுகிறார்கள். ஏ.பி. நிர்மல் 1981இல் பெங்களூரில் தலித் இறையியலுக்குக் கால்கோள் இட்டபோது உபாகமம் 26இன் அலைந்து திரிந்த முன்னோனைப் பிடித்துக்கொண்டார். சரியான இடம். ஆனால் அந்த முன்னோனின் பிள்ளைகள் கிபியோனில் என்ன பண்ணினார்கள் என்பதும் அடுத்த புத்தகத்தில் இருக்கிறது.

மார்ச் கடைசியில் 2 சாமுவேல் 21. மூணு வருஷப் பஞ்சம். காரணம், சவுல் ராஜா அந்தச் சத்தியத்தை மீறிக் கிபியோனியரைக் கொன்றுபோட்டான் என்கிறது வசனம். அந்தப் படுகொலை நடந்தபோது புத்தகம் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சவுலின் கதை முழுக்கப் படித்தாலும் கிடைக்காது. பஞ்சம் வந்து மேலே இருக்கிறவன் வயிற்றைத் தொட்ட பிறகுதான் ஒரு வரியில் வெளியே வருகிறது. தாவீது கூப்பிட்டுக் கேட்கிறான். வெள்ளியும் பொன்னும் வேண்டாம் என்கிறார்கள். நஷ்டஈடு வாங்க மறுத்தவர்கள்! சவுல் வம்சத்தில் ஏழுபேரைக் கேட்கிறார்கள். தாவீது கொடுத்துவிடுகிறான். நீதியும் ஆச்சு, பழைய ராஜாவின் வாரிசுகளும் ஒழிந்தார்கள். ஒடுக்கப்பட்டவனின் கோபத்தை ஆள்கிறவன் தன் கணக்கைத் தீர்க்கப் பயன்படுத்திக்கொள்வதை நாம் பார்க்காததா?

அங்கே ரிஸ்பாள் வருகிறாள். சவுலின் மறுமனையாட்டி. அவள் பிள்ளைகள் ரெண்டுபேர் அந்த ஏழில். தூக்கிய உடம்புகள் மலையில் கிடக்கின்றன. அவள் இரட்டை எடுத்துப் பாறைமேல் விரித்து உட்காருகிறாள். வாற்கோதுமை அறுப்புத் தொடங்கி மழை பெய்கிறவரை. பகலில் பறவை அண்டவில்லை, ராத்திரியில் மிருகம் அண்டவில்லை. அவள் ஒரு வார்த்தை பேசினதாக எழுதியில்லை. தன் பிள்ளைகளை மட்டுமில்லை, ஏழு உடம்பையும் காக்கிறாள். கடைசியில் ராஜாவுக்குச் செய்தி போய், எலும்புகளை எடுத்து முறையாக அடக்கம் பண்ணுகிறான். பஞ்சம் அதற்குப் பிறகுதான் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறது. ஏழுபேரைக் கொன்றபோது தீரவில்லை.

கிபியோனியர் எனக்கு நெருக்கம், ஆனால் ரிஸ்பாளைத் தாண்டி என்னால் அவர்களிடம் போக முடியவில்லை. நான் கவிதை எழுதுகிறவன், இந்தப் பெண்ணைப் பற்றி எழுதிப் பார்த்து விட்டுவிட்டேன். அந்தப் பத்து வரிக்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

அப்புறம் ஏப்ரலில் 1 நாளாகமம் 12, தாவீதின் வீரர்கள் பட்டியல். எல்லாரும் தாவிப்போகிற பெயர்ப்பட்டியல். அதில் இஸ்மாயா என்ற கிபியோனியன், முப்பது பேருக்குள் பராக்கிரமசாலி, முப்பது பேருக்கும் தலைவன் என்று இருக்கிறது. விறகு வெட்டப் பிறந்தவன் அங்கே எப்படிப் போனான்? மே முதல் வாரம் நெகேமியா 3. எருசலேமின் இடிந்த அலங்கத்தை யார் யார் எந்தப் பக்கம் கட்டினார்கள் என்ற பட்டியல். மெலதீயா என்ற கிபியோனியன் தன் ஊர்க்காரர்களோடு ஒரு பகுதியைக் கட்டுகிறான். அதே அதிகாரத்தில் தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்கள் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்றும் பதிவாகியிருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் எரேமியா 28. முன்னால் சொன்னேனே, ரெண்டு வருஷத்தில் சரியாகிவிடும் என்று பொய் சொன்ன அனனியா, அவன் ஊர் கிபியோன். அந்த ஊரில் லேவியரும் குடியிருந்தார்கள், அதனால் அவன் எந்த ஜனம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் சிரிப்பு வருகிறது. நம் ஊரிலிருந்தும் அனனியாக்கள் வருவார்கள்.

ஒற்றை வசன அட்டையில் இந்த இழை கிடைக்காது.

என் உத்தியோகத்தைத் தொட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தவன். பிப்ரவரி கடைசியில் உபாகமம் 24 வரும். அடகு வாங்கப் போகிறவன் கடன்காரன் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வாசலில் நிற்கணும், அவனாகக் கொண்டுவந்து கொடுப்பான். திரிகைக் கல்லை அடகாக வாங்கக்கூடாது, அது உயிரை அடகு வாங்கின மாதிரி. ஏழை போர்வையை வைத்தால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடணும். ஜப்தி பண்ண வருகிறவன் நம் வீட்டில் எதுவரை நுழைகிறான் என்று தெரிந்தவர்களுக்கு இந்தச் சட்டத்தின் அருமை புரியும். இதை வைத்து ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்லை. தசமபாகத்தை வைத்துக் கேட்டிருக்கிறேன்.

லேவியராகமம் 25ஐயும் பாருங்கள். அம்பதாவது வருஷம் யூபிலி, விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பணும். நம் பஞ்சமி நிலச் சட்டத்தோடு இதைச் சேர்த்துப் படிக்கணும். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்தார், 1892இல் ஆணை வந்தது. பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம் ஜனத்துக்குத்தான். அந்த நிலத்தைக் கேட்டுப் போனபோது 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமசும் ஏழுமலையும் இறந்தார்கள். ஒருத்தர் கிறிஸ்தவப் பெயர், ஒருத்தர் இந்துப் பெயர். யூபிலி நடைமுறைக்கு வந்ததா? வேதாகமத்தின் வரலாற்றுப் புத்தகங்களில் ஒரு யூபிலி வருஷம்கூடக் கொண்டாடப்பட்டதாகப் பதிவு இல்லை. எரேமியா 34இல், முற்றுகைக்குப் பயந்து அடிமைகளை விடுதலை பண்ணின எருசலேம் பெரிய மனிதர்கள், எதிரிப் படை கொஞ்சம் விலகினதும் அதே ஆட்களைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறார்கள். சட்டம் இருக்கிறது, நிலமும் ஆளும் அவர்கள் கையில். அதே லேவியராகமம் 25இல், அந்நிய ஜாதி அடிமையை என்றைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியும் இருக்கிறது. அதையும் சத்தமாக வாசிக்கணும்.

சபைகளின் கதையை நான் நீட்டப்போவதில்லை. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோவிலில் வேளாளருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று நடுவில் தடுப்பு வைத்தே கட்டினார்கள். கௌசானல் பாதிரியார் 1910இல் அதை எடுத்தார், பெரிய ரகளையோடு. அந்தத் தடுப்புக்கு ரெண்டு பக்கத்திலும் இதே வேதம்தான் வாசிக்கப்பட்டது. யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரம், பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், அழுக்குத் துணிக்காரனுக்குக் காலடி என்று உட்காரவைக்கிறதைக் கண்டிக்கிற பகுதி, அது வருகிற நாளில் என்ன பண்ணியிருப்பார்கள் என்றுதான் எனக்கு யோசனை.

சரி, நம் வட்டத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். நெகேமியா 8இல் ஒரு வாசிப்பு நடக்கிறது. கோவிலுக்குள் இல்லை, தண்ணீர் வாசலுக்கு முன்னால் உள்ள வீதியில். ஆண், பெண், புரிந்துகொள்ளக் கூடிய எல்லாரும் காலையிலிருந்து மத்தியானம் வரை நிற்கிறார்கள். வாசிக்கிறவர் வாசிக்க, சிலர் ஜனங்களுக்கு நடுவே போய் அர்த்தம் சொல்கிறார்கள். அப்படி ஒன்று. தனியாக மனசுக்குள் படிப்பது அவரவர் விருப்பம். வாரத்தில் ஒருநாள் தெருவில் கூடி, அந்த வாரத்து அதிகாரங்களில் யாரும் பிரசங்கம் பண்ணாத ஒன்றை எடுத்து முழுசாக வாசிப்போம். கடவுளை நம்பாத தோழர்களும் வரலாம், அவர்கள் கேட்கிற கேள்வி வேறு மாதிரி இருக்கும். எழுதப்படிக்கத் தெரியாத அம்மாக்கள் கட்டாயம் வரணும். எந்தப் பக்கம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், ஏன் என்று கேட்டு அதையும் ஒரு நோட்டில் எழுதிவைப்போம். பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, பொது மொழிபெயர்ப்பு ஒன்று போதும், என்னிடம் ரெண்டும் இருக்கு.

யோசுவா 9இல் ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறேன். வேறு அதிகாரம் யாருக்காவது தோணினா இப்பவே சொல்லுங்க, பேசுவோம்.